அக்கா சொல்றேன், முதல்ல இங்க்கை வாங்கு!

தங்கச்சி, இந்த கிறிஸ்துமஸுக்கு வீட்டு அலங்காரம் மொத்தத்தையும் கையாலேயே செய்யப்போறேன்னு நீ சொன்னதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். கூடவே, “நூறு ஸ்டாம்ப் இருக்கிற செட் ஒண்ணு ஆஃபர்ல வருதுக்கா, ஆர்டர் போடட்டுமா?”ன்னு கேட்ட பாரு, அங்கதான் நான் குறுக்க வர்றேன். போடாத. அந்த நூறுல நீ தொடப்போறது ஒரு நட்சத்திரம், ஒரு மணி, ஒரு வாழ்த்து வரி. மீதியெல்லாம் பனிச்சறுக்கு வண்டி, பனிமனுஷன், புகைக்கூண்டு வச்ச வீடு. நம்ம ஊர் டிசம்பர் மழைக்கு, குடை பிடிச்ச மனுஷனை வரைஞ்சாத்தான் பொருத்தம்.

ஸ்டாம்ப் வேலை சொதப்பினா நாம உடனே நம்ம கையைத் திட்டிக்கிறோம். கை பாவம். பெரும்பாலும் தப்பு இங்க்குக்கும் பேப்பருக்கும் நடுவுலதான் இருக்கும். ஒரு பேப்பர்ல பளிச்சுனு விழுற இங்க், இன்னொரு பேப்பர்ல ராத்திரி முழுக்கக் காயாம கையில ஒட்டும். அதனால இருக்கிற காசை இங்க்லயும் நல்ல பேப்பர்லயும் போடு. ஸ்டாம்பைக் கம்மி செலவுல எப்படி வாங்கலாம்னு பின்னாடி சொல்றேன்.

நாலு இங்க், நாலு குணம்

கடையில பார்க்கிற இங்க் பேடு எல்லாத்தையும் நாலு கூட்டமா பிரிச்சுடலாம். முதலாவது சாய இங்க். டப்பாவுல டை இங்க்னு போட்டிருக்கும், பேப்பர் வெட்டுற டையோட குழப்பிக்காத. இது பேப்பருக்குள்ள இறங்கி சீக்கிரம் காஞ்சுடும். தண்ணி பட்டா பெரும்பாலும் கலங்கும், வெயில்ல வெளுக்கும். ஆபீஸ்ல ரப்பர் ஸ்டாம்புக்கு வைக்கிற ஊதா, நீல பேடும் இந்த ஜாதிதான். பிள்ளைங்க விளையாட அது போதும். கலர் தீட்டப்போற படத்துக்கு அது ஆகாது, பிரஷ் பட்டதும் கோடெல்லாம் ஓடிடும்.

ரெண்டாவது பிக்மென்ட் இங்க். இதுல நிறத்துகள் பேப்பர் மேலேயே உட்காரும். அதனாலதான் நிறம் கெட்டியா, அழுத்தமா தெரியும். கருநீலப் பேப்பர்ல வெள்ளையோ தங்கமோ தெரியணும்னா பிக்மென்ட்தான் வழி. குறை என்னன்னா காய நேரம் எடுக்கும். வழவழன்னு பூச்சு பூசின ஆர்ட் பேப்பர்ல அடிச்சா சில பேடு காயவே காயாது. மறுநாள் விரல் பட்டாலும் இழுவிக்கும்.

மூணாவது சால்வென்ட் இங்க். ஸ்டேஸ்ஆன்னு ஒண்ணு பரவலா கிடைக்குது. கண்ணாடி, தகரம், ஓஹெச்பி ஷீட், பிளாஸ்டிக்னு எதுவும் உறிஞ்சாத பரப்புல அடிக்க இது வேணும். வாடை உண்டு, ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ, பிள்ளைங்க கையில கொடுக்காத. பேப்பர் வேலைக்கு மட்டும்னா இதை வாங்கவே வேண்டாம். ஒளி ஊடுருவுற பாலிமர் ஸ்டாம்புல இதைத் தொடர்ந்து போட்டா ஸ்டாம்ப் நிறம் மாறி, நாளடைவுல கெட்டும் போகலாம்.

நாலாவது நிறமே இல்லாத ஒட்டுற இங்க், வெர்சாமார்க் மாதிரி. வெறுமனே அடிச்சா கலர் பேப்பர்ல அதே நிறத்துல கொஞ்சம் அழுத்தமான நிழல் விழும். அதோட முக்கிய வேலை எம்பாஸிங் பொடியைப் பிடிச்சு வைக்கிறது. அதைத் தனியா சொல்றேன்.

இனி ஜோடி சேர்க்கிறது. கோட்டோவியம் அடிச்சு உள்ள வாட்டர்கலர் தீட்டப் போறியா? காஞ்சப்புறம் தண்ணிக்கு அசையாத கறுப்பு வேணும். வெர்சாஃபைன், ஆர்க்கைவல்னு விக்கிற பேடு ரெண்டும் அதுக்கு நம்பிக்கையானது. ஆல்கஹால் மார்க்கர்ல கலர் பண்ணப் போறியா? மெமென்டோங்கிற பேடை எடு. ஆல்கஹால் மார்க்கரை ஸ்டேஸ்ஆன் மேல இழுத்தா கறுப்பு கரைஞ்சு மார்க்கர் நுனியும் பாழாகும். டிஸ்ட்ரெஸ் இங்க்னு டிம் ஹோல்ட்ஸ் பேர்ல ரேஞ்சர் நிறுவனம் விக்கிறது தண்ணி பட்டா பரவணும்னே செஞ்சது. பின்னணிக்கு வானம் தீட்ட அருமை, கோட்டுக்கு வேண்டாம்.

ஒரே ஒரு பேடுதான் வாங்க முடியும்னா? தண்ணிக்குக் கலங்காத கறுப்பு. யோசிக்கவே வேண்டாம்.

கோட்டை அச்சடிச்சுட்டு உள்ளே கையால நிறம் தீட்டுறது புது ஃபேஷன்னு நினைச்சுக்காத. 1843-ல லண்டன்ல ஹென்றி கோல் சொல்லி, ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைஞ்சு, விலைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டு இருக்கே, அதையும் லித்தோகிராஃப்ல கோடா அச்சடிச்சு, அப்புறம் ஆள் வச்சுக் கையால வண்ணம் தீட்டித்தான் வித்தாங்க.

எந்தப் பேடு எந்தப் பேப்பருக்குன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காத, நீயே ஒரு சோதனைச் சீட்டு போட்டுக்கோ. வீட்டுல இருக்கிற ஒவ்வொரு பேப்பர்லயும் ஒரு துண்டு வெட்டு. எல்லாத்துலயும் அதே ஸ்டாம்பை அதே இங்க்ல அடி. பத்து நிமிஷம் விடு. அப்புறம் ஒரு பாதியில ஈரப் பிரஷ்ஷை இழு, மறு பாதியில மார்க்கரை இழு. பின்பக்கம் பென்சில்ல இங்க் பேரையும் பேப்பர் பேரையும் எழுதி ஒரு கவர்ல போட்டு வை. அடுத்த வருஷம் இதே சீட்டு உனக்குப் பாதி வேலையை முடிச்சுக் கொடுக்கும்.

மழைக்காலத்து வேலை இது

வெளிநாட்டு வீடியோவுல அஞ்சு நிமிஷத்துல காஞ்சதுன்னு சொல்வாங்க. அவங்க உட்கார்ந்திருக்கிறது ஹீட்டர் போட்ட உலர்ந்த அறை. நமக்கு நவம்பர், டிசம்பர்னா வடகிழக்குப் பருவமழை. திறந்து வச்ச பேப்பர் ஈரத்தை இழுத்துக்கும், ஓரம் சுருளும், பிக்மென்ட் இங்க் ராத்திரி முழுக்க இருந்தாலும் பிசுபிசுக்கும்.

அதனால பேப்பரை ஜிப் கவர்ல போட்டு, புது ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் உள்ள போட்டு வை. ஸ்டாம்ப் அடிக்கிறதுக்கு முன்னாடி அயர்ன் பாக்ஸைக் குறைஞ்ச சூட்டுல வச்சு, நீராவி இல்லாம, பேப்பர் மேல ஒரு தடவை ஓட்டு. சுருக்கம் போகும், ஈரமும் போகும். பிக்மென்ட் இங்க்ல அடிச்சதை அடுக்கி வைக்காம, கொடியில கிளிப் போட்டு ராத்திரி பூரா தொங்க விடு. அவசரப்பட்டு ஒண்ணு மேல ஒண்ணு வச்சா மேல் கார்டோட முதுகுல கீழ் கார்டு அச்சாகிடும்.

ஸ்டாம்பை உன் தெருவுலேயே செஞ்சுக்கோ

கோர்ட் பக்கத்துல, தாலுகா ஆபீஸ் பக்கத்துல ரப்பர் ஸ்டாம்ப் கடை இல்லாத ஊரே கிடையாது. நோட்டரி முத்திரையும் தலைமையாசிரியர் முத்திரையும் செய்யிற அதே ஆள் உனக்கு நட்சத்திரமும் செஞ்சு தருவார். பெரும்பாலான கடையில இப்போ ஓடுறது பாலிமர். உன் படத்தை நெகட்டிவ் ஃபிலிமா எடுத்து, திரவமா இருக்கிற பிசின் மேல வச்சு, புற ஊதா ஒளியைக் காட்டுவாங்க. ஒளி பட்ட இடம் இறுகிடும், படாத இடம் கழுவினதும் போயிடும். இறுகி நிக்கிறதுதான் உன் படம்.

அவருக்குக் கொடுக்கிற ஓவியம் இப்படி இருக்கணும்: வெள்ளைத் தாள், கறுப்புப் பேனா, கோடு மட்டும். பென்சில் நிழல், கலர், புள்ளி புள்ளியா மங்கல் எதுவும் வேண்டாம். வேணுங்கிற அளவுக்கு ரெண்டு மடங்கு பெருசா வரைஞ்சு கொடு, சின்னதாக்கும்போது கை நடுக்கம் மறைஞ்சுடும். ஆனா சின்னதாக்கினா கோடும் மெலியும், ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் அடையும். அதனால தடிச்ச நுனி பேனா எடு, நெருக்கமா வரையாத. எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதாத, திருப்புறது அவர் வேலை. தமிழ்ல “கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்”னு வைக்கிறதா இருந்தா புள்ளிகளையும் கொம்புச் சுழிகளையும் கொஞ்சம் பெருசாவே போடு. முதல்ல அடைஞ்சு போறது அதுதான்.

என்ன வரையிறது? ஃபிர் மரம் யார் வீட்டுலயும் இல்லை, பனைமரம் வரை. குடில்ல நிக்கிற மாடு, ஆடு வரை. பாளையங்கோட்டை சர்ச்சோட ஊசிக்கோபுரம் நெட்டையா இருக்கு, டேக் அட்டையில அப்படியே உட்காரும். உன் பிள்ளைங்க கிறுக்கின சம்மனசையே கொடு, அதை விட அழகா எந்த செட்லயும் வராது. இன்னொருத்தர் ஸ்டாம்பை அச்சடிச்சு எடுத்துட்டுப் போய் நகல் எடுக்கிறது மட்டும் வேண்டாம். அது ஒருத்தரோட உழைப்பு.

கடைக்காரர் “செல்ஃப் இங்க் போட்டுத் தர்றேம்மா, பேடே வேண்டாம்”னு சொல்வார். வேண்டாம்னு சொல்லிடு. அதுக்குள்ள ஒரே நிறம்தான், மாத்த முடியாது. கைப்பிடியும் வேண்டாம், ஸ்டாம்பை மட்டும் வெட்டிக் கொடுங்கன்னு கேளு. பழைய சிடி டப்பா மூடியில டபுள் சைடு டேப் வச்சு ஒட்டிக்கோ. மூடி வழியா கீழ பார்க்க முடியுறதால ஸ்டாம்ப் எங்க விழுதுன்னு தெரியும், கோணல் ஆகாது. இதுக்குன்னே அக்ரிலிக் பிளாக்னு விக்கிறாங்க, வசதி இருந்தா வாங்கு, இல்லாட்டியும் வேலை நிக்காது.

புது பாலிமர் ஸ்டாம்புல இங்க் ஒட்டாம முத்து முத்தா நிக்கும். செய்யும்போது படிஞ்ச வழவழப்பு அது. பென்சில் அழிக்கிற ரப்பரை அது மேல லேசா ஒரு தடவை தேய், அப்புறம் இங்க் சீரா பிடிக்கும். அடிச்சு முடிச்சதும் ஈரத்துணியில துடைச்சு நிழல்ல வை. வெயில்ல வச்சா பாலிமர் மஞ்சளாகும்.

அடிக்கிற முறை ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. ஸ்டாம்பைப் பேட்ல அழுத்தாத, பேடைக் கையில எடுத்து ஸ்டாம்ப் மேல தட்டித் தட்டி வை. அழுத்தினா பள்ளத்துலயும் இங்க் இறங்கி படம் கொழகொழன்னு வரும். பேப்பருக்குக் கீழ மவுஸ் பேடோ நாலு மடிப்பு செய்தித்தாளோ வை. நேரா இறக்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீரா அழுத்தி, நேரா தூக்கு. ஆட்டாத. உள்ளங்கையை விடப் பெரிய ஸ்டாம்பா இருந்தா முறையைத் தலைகீழா மாத்திக்கோ: ஸ்டாம்பை முகம் மேல பார்க்க மேஜையில வச்சு, பேப்பரை அது மேல போட்டு, விரலால தடவிக் கொடு.

மின்விசிறியை அணை, அப்புறம் பொடியை எடு

இப்போ எம்பாஸிங். தங்க எழுத்து தடிச்சு, தொட்டா கையில தட்டுப்படுதே, அது இப்படித்தான் வருது. கருநீல அட்டை ஒண்ணு எடு. மெல்லிசான துணியில முகப்பவுடரை முடிஞ்சு அட்டை மேல லேசா ஒத்து. இதைப் பண்ணாட்டி நிலைமின்சாரத்துல பொடி எங்க பார்த்தாலும் ஒட்டும், வானமே புள்ளி புள்ளியாகிடும். ஒட்டுற இங்க்லயோ பிக்மென்ட் இங்க்லயோ நட்சத்திரத்தை அடி. ஈரம் காயறதுக்குள்ள பொடியைத் தாராளமா கொட்டு. கீழ நடுவுல மடிச்ச ஒரு தாளை விரிச்சு வச்சுக்கோ. அட்டையைச் சாய்ச்சு முதுகுல சுண்டினா மிச்சப் பொடி அதுல விழும், மடிப்பு வழியா டப்பாவுக்கே திருப்பிக் கொட்டிடலாம். ஒட்டாத இடத்துல ஒண்ணு ரெண்டு துகள் நின்னா காஞ்ச பிரஷ் நுனியால தள்ளிடு.

சூடு காட்டும்போது கண்ணை எடுக்காத. ஹீட் கன்னை ஓரமா பிடிச்சு ஒரு மூலையில ஆரம்பி. சொரசொரன்னு சர்க்கரையா கிடந்த பொடி பாகாகிப் பளபளன்னு உருகும். அந்தப் பளபளப்பு ஓடுற திசையிலேயே ஹீட் கன்னையும் நகர்த்து. உருகினதும் நிறுத்திடணும். அதிகமா காட்டினா பொடி பேப்பருக்குள்ள இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி தட்டையாகிடும். ஹேர் டிரையர் உதவாது, சூடு பத்தாது, காத்து ஜாஸ்தி, பொடி பறந்துடும். ஹீட் கன் இல்லாட்டி தோசைக்கல்லை நல்லா காய வச்சு, அடுப்பை அணைச்சுட்டு, கல்லுக்கு ஒரு விரற்கடை மேல அட்டையை இடுக்கியில பிடிச்சுக்காட்டு. அடியிலிருந்து சூடு ஏறி உருகும். அடுப்பு எரியும்போது பண்ணாத, அது அட்டை.

இந்த வேலை நடக்கிற நேரம் பூரா மின்விசிறி ஓடக்கூடாது. புழுங்கினாலும் சரி.

டை வெட்டு

ஸ்டாம்ப் அடிச்ச அட்டையை நட்சத்திரமா, டேக்கா வெட்டி எடுக்கத்தான் டை. கையால சுத்துற டை கட்டிங் மெஷினுக்குள்ள மந்திரம் ஒண்ணும் இல்லை. ரெண்டு உருளை, நடுவுல தகடு தகடா ஒரு அடுக்கு. மெல்லிய எஃகு டையோட ஒரு பக்கம் கூரா மேடா இருக்கும், அந்தப் பக்கம் பேப்பரைப் பார்க்கணும். மேலயும் கீழயும் கட்டிங் பிளேட். சுத்தும்போது உருளையோட அழுத்தத்துல டை பேப்பரை வெட்டிக்கிட்டே போகும். அடுக்கு வரிசை மெஷினுக்கு மெஷின் வேறுபடும், கூட வர்ற சீட்டைத் தூக்கிப் போட்டுடாத.

சிஸிக்ஸ் பிக் ஷாட் மாதிரி பரவலா புழங்குற மெஷினோட வாய் 6 அங்குலம். முழு ஏ4 தாள் உள்ளே போகாது. ரெண்டா வெட்டினா அகலம் 14.8 செ.மீ., கச்சிதமா போயிடும். அதனால பேப்பர் வாங்கினதும் பாதி பாதியா வெட்டி வச்சுக்கோ.

டையை நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு வை. நேரா வச்சா ஒரு பக்கத்து முழு நீளக் கோடும் ஒரே நேரத்துல உருளைக்குள்ள மாட்டி, கைப்பிடி சுத்தவே வராது. நுணுக்கமான பூ வேலை டையா இருந்தா, டைக்கும் அட்டைக்கும் நடுவுல பட்டர் பேப்பர் ஒரு துண்டு வை. வெட்டினது டைக்குள்ள சிக்காம கழண்டு வரும். அப்படியும் சிக்கினா டையோட முதுகுல இருக்கிற ஓட்டை வழியா குண்டூசியால தள்ளு, நகத்தால நோண்டாத. ஒரு மூலை மட்டும் வெட்டுப்படலைன்னா டை கெட்டுப்போச்சுன்னு நினைக்காத. பிளேட்டுக்குக் கீழ ஒரு சாதா தாளைச் செருகி மறுபடி ஓட்டு. பிளேட் வளைய ஆரம்பிச்சா, ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போட்டு ஓட்டு, நிமிரும்.

“முதல்ல வெட்டிட்டு ஸ்டாம்ப் அடிக்கணுமா, அடிச்சுட்டு வெட்டணுமா?”ன்னு எல்லாரும் கேட்பாங்க. அடிச்சுட்டு வெட்டு. படம் சரியா விழுந்த இடத்துக்கு டையை நகர்த்தி வச்சுக்கலாம், ஒட்டி எடுக்கிற டேப்பால அசையாம பிடிச்சுக்கலாம். வெட்டின அட்டையில நடுவுல பார்த்து ஸ்டாம்ப் அடிக்கிறது கண்ணுக்குச் சோதனை. வெட்டுனப்புறம் மிஞ்சுற ஓட்டை விழுந்த அட்டையையும் எறியாத. அது ஒரு ஸ்டென்சில். ஸ்பாஞ்சுல இங்க் தொட்டு ஒத்தினா அதே நட்சத்திரம் பின்னணியில வந்து உட்காரும்.

மெஷினுக்குச் செலவு பண்ண இப்போ மனசு வரலைன்னா விடு. நட்சத்திரம், வட்டம் ரெண்டு வடிவத்துல கிராஃப்ட் பஞ்ச் வாங்கினா இந்த வருஷம் ஓடிடும். சபை வாலிபர் சங்கத்துக்கு முந்நூறு டேக் வேணும்னா அது வேற கதை. அச்சகம் இருக்கிற தெருவுல டை பஞ்சிங் கடை இருக்கும். பிளைவுட் பலகையில எஃகுப் பட்டையை உன் வடிவத்துக்கு வளைச்சுப் பதிச்சு ஒரு டை செஞ்சு, மளமளன்னு வெட்டிக் கொடுப்பாங்க. ஸ்வீட் டப்பாவும் கல்யாணப் பத்திரிகையும் வெட்டுறது அப்படித்தான். இருபது டேக்குக்கு அங்க போகாத, கட்டுப்படியாகாது.

பேப்பருக்கு எங்கேயும் ஓடாத, பீரோவைத் திற

கல்யாணப் பத்திரிகை! எல்லார் வீட்டுலயும் ஒரு கட்டு இருக்கு. தடிச்ச அட்டை, சில்க் பூச்சு, தங்க ஃபாயில் கோடு, வெல்வெட் கவர். காசு கொடுத்து வாங்கினா கை கூசுற தரம். பிள்ளையார் படமோ, சிலுவையோ, பேரோ இருக்கிற பக்கத்தை வெட்ட மனசு வராதுதான், வெட்டவும் வேண்டாம். உள்பக்கத்து வெறும் அட்டையும் கவரும் போதும். ஃபாயில் கோடு ஓடுற இடத்துல நட்சத்திர டையை வச்சு வெட்டிப்பாரு, ஒவ்வொரு நட்சத்திரத்துலயும் கோடு ஒவ்வொரு மாதிரி விழும். வெல்வெட் ஒட்டின அட்டையை மட்டும் ரெண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.

கடையில வாங்குறதா இருந்தா, தாளோட எடையைச் சொல்ற ஜிஎஸ்எம் எண்ணைக் கேட்டு வாங்கு. ஜெராக்ஸ் தாள் 80-க்குப் பக்கம், அது தொங்கப்போட ஆகாது, துவளும். நூல்ல கோக்கிற வட்டத்துக்கு 120 போதும். மடிச்சு நிக்க வேண்டிய நட்சத்திரத்துக்கும் டேக்குக்கும் 220-லிருந்து 300 வரை. சென்னையில இருந்தா பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு தடவை போய்ப் பாரு, தெரு முழுக்கப் பேப்பர் கடைதான்.

ஒரு நட்சத்திரம் முழுசா

இதை மட்டும் நிதானமா படி, மத்ததெல்லாம் இதை வச்சே வந்துடும். ஒரே டையில ஆறு நட்சத்திரம் வெட்டு. ஒரு பக்கம் மட்டும் ஸ்டாம்ப் இருந்தா போதும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வச்சு, மேல் முனையிலிருந்து நேரா கீழ ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் வரைக்கும் இழு. பேப்பர் கிழியாம ஒரு தடம் விழும். அந்தத் தடத்துல, படம் உள்பக்கம் வர்ற மாதிரி மடி. ஆறையும் இப்படி மடிச்சு அடுக்கி, மேல ஒரு தடிச்ச புத்தகம் வை.

இப்போ ஒட்டுறது. ஒரு நட்சத்திரத்தோட வலது பாதி முதுகை அடுத்த நட்சத்திரத்தோட இடது பாதி முதுகோட சேர்த்து ஒட்டு. ஃபெவிகாலை டப்பாவிலிருந்து பிதுக்காத, எரிஞ்சு முடிஞ்ச ஊதுபத்திக் குச்சி நுனியில தொட்டு ஓரம் வரைக்கும் மெல்லிசா தடவு. ஃபெவிகால்ல தண்ணி இருக்கு, கூடுதலா வச்சா அட்டை நெளியும். அஞ்சு ஜோடி ஒட்டினதும் நடுத்தண்டு தெரியும். அதுல பசை வச்சு, ரெட்டையா மடிச்ச நூலைப் படுக்க வச்சு, மேல் முனைக்கு வெளியே ஒரு கண்ணி விட்டு, கடைசி ரெண்டு பாதியையும் மூடு. விரிச்சுப் பிடிச்சா எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்சத்திரமா நிக்கும்.

ஜெர்மனியில நீஸ்கிங்கிற ஊர்ல மொராவியன் சபைப் பள்ளிக்கூடத்துல 1830-கள்ல வடிவியல் கத்துக்கொடுக்கத்தான் பிள்ளைங்களைக் காகித நட்சத்திரம் செய்ய வச்சாங்க. இன்னைக்கு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்னு உலகம் பூரா தொங்குறது அதுதான். உன் பெரியவனுக்குக் கணக்குன்னா கசப்பாச்சே, ஸ்கேலை அவன் கையில கொடு.

மத்த அலங்காரத்துக்கு ஒரு வரி ஒரு வரி போதும். தோரணத்துக்கு ரெண்டு ரெண்டு வட்டத்தை முதுகோட முதுகா, நடுவுல சணல் நூல் விட்டு ஒட்டு. பூக்கட்டுற நூல் மெல்லிசு, முறுக்கிக்கும். குடிலுக்குப் பின்னாடி நிறுத்துற வானத்துக்குக் கருநீல அட்டையில வெள்ளை எம்பாஸிங், நாலு பனைமரம், அவ்வளவுதான். சீரியல் லைட்டோட காகிதத்தைச் சேர்க்கிறதா இருந்தா எல்இடி மட்டும், சூடேறுற பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற முறுக்கு, அதிரசம், கேக் பொட்டலத்துல டேக்கை உள்ளே வைக்காத, எண்ணெய் இறங்கும். வெளியே நூல்ல கட்டு. வாசல்ல சாரல் படுற இடத்துல தொங்கணும்னா ஓஹெச்பி ஷீட்ல சால்வென்ட் இங்க்ல அடிச்சு வெட்டு, பேப்பர் நிக்காது.

கிளிட்டர்? உதிரியா விக்கிற கிளிட்டர் என் வீட்டு வாசல் தாண்டாது. பொங்கல் வரைக்கும் சோத்துல மின்னும்.

மைதாப் பசை மலிவுதான், ஆனா பூச்சிக்கு அது விருந்து. போஸ்டர் ஒட்டுறவங்களும் புத்தகம் தைக்கிறவங்களும் அதுல மயில்துத்தம் கலப்பாங்க. பிள்ளைங்க புழங்குற வீட்டுல அந்த விஷம் வேண்டாம், ஃபெவிகாலே போதும். பண்டிகை முடிஞ்சு எடுத்து வைக்கும்போது நட்சத்திரத்தை மடக்கித் தட்டையாக்கி, காற்று புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வை. இங்க் பேடைத் தலைகீழா கவிழ்த்து வை, அப்போதான் இங்க் மேல்பரப்புக்கு வரும்.

டிசம்பர் பிறந்துட்டா ஸ்டாம்ப் கடைக்காரருக்கு டைரி, காலண்டர் வேலை வந்து குவியும், உன் பனைமரத்தைக் கையில தொட நேரம் இருக்காது. நவம்பர் ரெண்டாவது வாரத்துக்குள்ள ஓவியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துடு. எதையாவது எனக்கு அனுப்புறதா இருந்தா, இங்க் காஞ்சுதான்னு விரல் வச்சுப் பார்த்துட்டு அனுப்பு.